சூடு வெளியேறும் வழி: பிளாஸ்டிக் மோல்டுகளின் குளிர்விப்பு பற்றி ஓர் ஆய்வு

கடையில் ஒரு சதுர டிபன் பாக்ஸை எடுத்து மேலிருந்து பாருங்கள். நான்கு சுவர்களும் நேராக நிற்க வேண்டும். மலிவான டப்பா என்றால் சுவர்களின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும். மூடி மூலைகளில் இறுகப் பிடித்து நடுவில் வாய் பிளந்து நிற்கும். பிளாஸ்டிக் மட்டமானது என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார். பல நேரங்களில் பிளாஸ்டிக்மீது குற்றமே இருக்காது. அந்த டப்பா உருவான மோல்டின் மூலைகளில் சூடு போக வழியில்லாமல் தேங்கியிருக்கும்.

டப்பாவின் உட்புறத்தை உருவாக்கும் எஃகுப் பகுதி கோர், வெளிப்புறத்தை உருவாக்குவது கேவிட்டி. கோரின் மூலை விளிம்புக்கு இரண்டு சுவர்களிலிருந்தும் சூடு வருகிறது. அதை வாங்கிக்கொள்ள அங்கே இருக்கும் எஃகு கொஞ்சம். மூலையின் வெளிப்பக்கத்திலோ எஃகு தாராளமாக இருக்கிறது. ஆகவே டப்பாவின் வெளிமூலை முதலில் இறுகுகிறது, உள்மூலை கடைசியில் இறுகுகிறது. கடைசியில் இறுகும் பக்கம் சுருங்கும்போது மூலையின் கோணம் 90 டிகிரிக்குக் கீழே மடங்க, சுவர்கள் உள்ளே இழுபடுகின்றன.

குளிர்விப்புக்கு இரண்டு கடமைகள் உண்டு: சூட்டை விரைவாக எடுப்பது, எல்லா இடத்திலும் ஒரே சீராக எடுப்பது. இரண்டாவது சரியானால் முதலாவது பெருமளவு தானே சரியாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சீர்மை தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் பொத்தானில் கிடைப்பதில்லை. மோல்டின் வரைபடத்திலும் தண்ணீரின் ஓட்டத்திலும்தான் கிடைக்கிறது.

நேரம் எங்கே போகிறது?

மோல்டு மூடுகிறது, உருகிய பிளாஸ்டிக் பாய்கிறது, அழுத்தத்தில் பிடித்து நிற்கிறது, ஆறுகிறது, மோல்டு திறந்து பொருளைத் தள்ளுகிறது. இதுதான் ஒரு சைக்கிள். பெரும்பாலான பொருள்களில் ஆறும் நேரம் மட்டுமே இதில் பாதிக்கு மேல். சுவர் தடித்த பொருள்களில் அது முக்கால் பங்கையும் தாண்டும். பாயும் நேரத்தில் அரை விநாடி மிச்சம் பிடிக்கப் பாடுபடுகிறோம். ஆறும் நேரத்தில் ஐந்து விநாடி வீணாவதைக் கண்டுகொள்வதில்லை.

ஆறும் நேரத்தை முதலில் தீர்மானிப்பது பொருளின் சுவர்த் தடிமன். தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். பாலிபுரோப்பிலீனை 230 டிகிரி செல்சியஸில் செலுத்துகிறோம், மோல்டின் சுவர் 40 டிகிரியில் நிற்கிறது, பிளாஸ்டிக் சுவரின் மையம் 90 டிகிரிக்கு இறங்கியதும் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சூத்திரப்படி 2 மி.மீ. சுவருக்கு சுமார் 7 விநாடி, 3 மி.மீ. சுவருக்கு 16 விநாடி, 4 மி.மீ. சுவருக்கு 28 விநாடி ஆகும். டப்பாவின் அடியில் எவரும் கவனிக்காத ஒரு தடித்த மேடு இருந்தால், மெல்லிய சுவர்கள் ஆறிய பிறகும் மொத்த மோல்டும் அந்த மேட்டுக்காகக் காத்திருக்கும். விறைப்பு வேண்டிய இடத்தில் சுவரைத் தடிப்பாக்காமல் விலா எலும்புபோல் ரிப் கொடுப்பதும், ரிப்பின் தடிமனைச் சுவரில் பாதி அளவில் நிறுத்துவதும் குளிர்விப்பின் முதல் பாடங்கள். மோல்டு செய்வதற்கு முன்பே, பொருளை வரைபவரின் மேசையில் இவை முடிவாகிவிடுகின்றன.

அதே 2 மி.மீ. சுவரை வைத்து இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மோல்டுச் சுவர் முழுவதையும் 40 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறக்கினால் 7 விநாடி 6 விநாடியாகும். அவ்வளவுதான் லாபம். அதே மோல்டில் ஓர் இடம் மட்டும் 60 டிகிரியில் நின்றால் அந்த இடத்துக்கு 9 விநாடி வேண்டும். 75 டிகிரியில் நின்றால் கிட்டத்தட்ட 12 விநாடி. சைக்கிளை நிர்ணயிப்பது மோல்டின் சராசரிச் சூடு அல்ல, அதன் மிகச் சூடான புள்ளி. எல்லாவற்றையும் மேலும் குளிர வைப்பதைவிட அந்த ஒரு புள்ளியைத் தேடிப் பிடிப்பதில் லாபம் பல மடங்கு.

சூடு கடக்கும் நான்கு கதவுகள்

உருகிய பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் சூடு தண்ணீரைச் சேர நான்கு கதவுகளைக் கடக்கிறது: பிளாஸ்டிக், எஃகு, தண்ணீர் ஓடும் துளையின் உட்சுவரில் படிந்த உப்பு, சுவரை ஒட்டிய தண்ணீர்ப் படலம்.

பிளாஸ்டிக்கின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.2. அதே அளவுகோலில் மோல்டுக்குப் பயன்படும் பி-20 எஃகு ஏறத்தாழ 30. அதாவது 1 மி.மீ. பிளாஸ்டிக் போடும் தடையைப் போட எஃகு 150 மி.மீ. தடிமனில் நிற்க வேண்டும். முதல் கதவு மிகக் குறுகலானது. அதை அகலமாக்க ஒரே வழி சுவரை மெலிதாக்குவதுதான். இரண்டாவது கதவான எஃகு, துளைகள் சரியான தூரத்தில் இருந்தால், பெரிய தடையாக இருக்காது. பிரச்சினை பெரும்பாலும் மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டும் எஃகுக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மோல்டு புதிதாக இருந்தபோது ஓடிய சைக்கிள் இரண்டு ஆண்டில் ஏன் நீண்டது என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

பொருள் ஆறும்போது இன்னொன்றும் நடக்கிறது. பிளாஸ்டிக் சுருங்கிக் கோரை இறுகக் கட்டிப்பிடிக்கிறது, கேவிட்டியின் சுவரை விட்டு மயிரிழை அளவு விலகுகிறது. அந்த மெல்லிய காற்று இடைவெளி போர்வைபோல் வேலை செய்கிறது. அதன்பின் சூட்டின் பெரும்பகுதியைச் சுமப்பது கோர்தான். தண்ணீர் விடக் குறைவான இடம் உள்ளதும் அந்தக் கோரில்தான். டிபன் பாக்ஸ், வாளி, குவளை போன்ற ஆழமான பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த முரண்பாடு இருக்கிறது.

தண்ணீர் எப்படி ஓடுகிறது?

1883இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீருக்குள் ஒரு சாய இழையை விட்டுப் பார்த்தார். ஓட்டம் மெதுவாக இருந்தவரை இழை நேர்கோடாகச் சென்றது. வேகம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் இழை உடைந்து குழாய் முழுவதும் கலங்கியது. அவர் பெயரால் வழங்கும் ரெனால்ட்ஸ் எண்தான் இன்றும் மோல்டுத் தண்ணீரின் அளவுகோல். எண் சுமார் 2,300க்குக் கீழே இருந்தால் தண்ணீர் அடுக்கடுக்காக நழுவும். சுவரை ஒட்டிய அடுக்கு சூடாகிக்கொண்டே போக, நடுவில் ஓடும் தண்ணீர் எதையும் தொடாமல் குளிர்ச்சியாகவே வெளியேறிவிடும். 4,000க்கு மேல் கொந்தளிப்பு. அப்போது தண்ணீர் சூட்டை வாங்கும் திறன் பத்து மடங்கு அளவுக்கு உயர்கிறது. 10,000ஐ இலக்காக வைப்பது தொழில் வழக்கம்.

25 டிகிரித் தண்ணீர் 10 மி.மீ. துளையில் 10,000ஐ எட்ட நிமிடத்துக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல் ஓடினால் போதும். தண்ணீரை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் பாகுத்தன்மை கூடுவதால் 6 லிட்டருக்கு மேல் வேண்டும். கிளைக்கால் கலந்தால் இன்னும் அதிகம். அதே பம்பை வைத்துக்கொண்டு சில்லரின் வெப்பநிலையை மட்டும் இறக்கினால் கொந்தளிப்பு அடங்கிவிடக்கூடும். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும், சூடு மட்டும் வெளியே வராது.

அதிகமாக ஓட்டுவதற்கும் எல்லை உண்டு. ஓட்டத்தை இரட்டித்தால் அழுத்த இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும், பம்பின் சக்தித் தேவை எட்டு மடங்காகும். கொந்தளிப்பு நன்றாக வந்த பிறகு தண்ணீர்ப் படலம் பெரிய தடையாக இருப்பதில்லை. அதற்கு மேல் ஓட்டுவது மின்கட்டணத்தைத்தான் கூட்டும்.

எவ்வளவு தண்ணீர் போதும்? ஒரு முறை செலுத்தும் ஷாட்டில் 100 கிராம் பாலிபுரோப்பிலீன் என்றால், அது ஏறத்தாழ 50 கிலோஜூல் சூட்டை விட்டுச் செல்லும். 20 விநாடி சைக்கிளில் இது 2.5 கிலோவாட், ஒரு வீட்டுக் கீசரின் அளவு. தண்ணீர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வெப்பநிலை வேறுபாடு 3 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் மொத்த ஓட்டம் தேவை. இந்த எளிய கணக்கை ஒவ்வொரு மோல்டுக்கும் போட்டுப் பார்ப்பவர்கள் வெகு சிலரே.

நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கூலிங் டவர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்காது. ஆகவே சென்னைக் கோடையில் டவர் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டியே கிடைக்கும். சில்லரை 10 டிகிரியில் வைத்தால் வேறொரு தொல்லை வரும். சென்னையின் பனிநிலை ஆண்டின் பெரும்பகுதியில் 20 டிகிரிக்கு மேல், கோடையில் 25ஐ ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எஃகின்மேல் ஈரம் துளிர்க்கும். தொழிலாளர்கள் இதை 'மோல்டு வேர்க்குது' என்பார்கள். அந்த வேர்வை பொருளில் நீர்க்கறையாகும், கைடு பில்லரில் துருவாகும். கடற்கரை ஊர்களில் சில்லரைத் தாழ்த்துவதற்கு முன் பனிநிலையைப் பார்த்தாக வேண்டும்.

துளை போடும் கலை

துளையின் விட்டம் 8 முதல் 12 மி.மீ., கேவிட்டிச் சுவரிலிருந்து தூரம் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, துளைக்குத் துளை இடைவெளி சுமார் மூன்று மடங்கு. சமமான தட்டுக்கு இந்த விதிகள் போதும். ஆழமான கோருக்கு வேறு உத்திகள் வேண்டும். அகலமான கோரில் செங்குத்தாகத் துளையிட்டு நடுவில் ஒரு பித்தளைத் தகட்டை நிறுத்தினால், தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். இது பேஃபிள். குறுகலான கோரில் துளைக்குள் மெல்லிய குழாயை விட்டால் தண்ணீர் குழாய் வழியாக ஏறி ஊற்றுபோல் நுனியில் பொங்கிச் சுற்றி இறங்கும். இது பப்ளர். தண்ணீரே நுழைய முடியாத ஒல்லியான கோருக்கு வெப்பக் குழாய் இருக்கிறது. அடைத்த குழாய்க்குள் ஒரு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகிச் சூட்டைக் கடத்தும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் 1963இல் செய்து காட்டிய சாதனம் அது. நுண்குழாய் வழியாகத் திரவக் கார்பன் டை ஆக்சைடை விரியவிட்டுக் குளிர்விக்கும் முறையும் இத்தகைய இடங்களுக்கு உண்டு.

பேஃபிள் பற்றி ஒரு மோல்டு எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலையில் சதுர டப்பா மோல்டு ஒன்று சர்வீஸ் முடிந்து வந்த பிறகு சுவர்கள் வளையத் தொடங்கின. ஆறும் நேரத்தைக் கூட்டினார்கள். போதவில்லை. சில்லரை இறக்கி இறக்கி 8 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். மோல்டு வேர்த்தது, வளைவு போகவில்லை. கோரிலிருந்து திரும்பும் ஹோஸைக் கழற்றிக் காட்டியபோது தண்ணீர் பீய்ச்சி அடித்தது. 'தண்ணி நல்லாத்தான் ஓடுது' என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். பிறகு அந்தத் தண்ணீர்ச் சுற்றின், அதாவது லூப்பின், உள்ளும் வெளியும் வெப்பநிலை பார்த்தோம். வேறுபாடு அரை டிகிரிகூட இல்லை. மற்ற லூப்புகளில் இரண்டரை டிகிரி இருந்தது. சூடான கோருக்குள் போய்வந்த தண்ணீர் சூட்டைத் தொடாமலே வந்திருக்கிறது. கோரைக் கழற்றினோம். பேஃபிள் தகடு கால் வட்டம் திரும்பி நின்றது. ஓட்டத்துக்குக் குறுக்கே அணைபோல் நிற்க வேண்டிய தகடு ஓட்டத்தோடு இணையாக நிற்க, தண்ணீர் ஏறவே இல்லை. துளையின் அடியிலேயே நேராகப் புகுந்து போயிருக்கிறது. தகட்டைத் திருப்பி, மறுபடி திரும்பாதபடி பூட்டினோம். அன்று மாலையே சில்லரைப் பழைய இடத்துக்கு ஏற்ற முடிந்தது. ஹோஸில் பீய்ச்சுவதைப் பார்த்து மட்டும் குளிர்விப்பை நம்பக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றேன்.

லூப்புகளை இணைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். தொடர் இணைப்பில் எல்லாத் துளைகளிலும் ஒரே ஓட்டம் கிடைக்கும், ஆனால் போகப்போகத் தண்ணீர் சூடேறும். இணை இணைப்பில் வெப்பநிலை ஒன்றாக இருக்கும், ஆனால் தண்ணீர் எளிதான பாதையைத் தேடிப் போகும். அடைபட்ட துளை அடைபட்டே கிடக்கும், மற்றவை நன்றாக ஓடுவதால் யாருக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் சிறிய தொடர் லூப்புகள் சிலவற்றை வைத்து, ஒவ்வொன்றின் ஓட்டத்தையும் தனியே அளப்பதே பாதுகாப்பு.

உலோகத்தை மாற்றினால்?

தண்ணீர் நெருங்க முடியாத இடத்தில் சூட்டை வேகமாக நகர்த்தும் உலோகத்தைச் செருகலாம். பெரிலியம் செம்பின் கடத்துதிறன் வகைக்கு ஏற்ப 100 முதல் 230 வரை போகும். அலுமினியக் கலவைகள் 130ஐ ஒட்டி நிற்கும். டப்பாவின் மூலையில் ஒரு செம்பு இன்செர்ட் வைத்தால் மூலைச் சூடு சட்டென்று இறங்கும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இன்செர்ட்டின் மறுமுனையைத் தண்ணீர் தொட வேண்டும். எஃகுக்கு நடுவே செம்பை வைத்து அடைத்துவிட்டால் சூடு அதிலேயே தேங்கும். இரண்டாவது, பெரிலியத் தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. அரைப்பதும் பாலிஷ் போடுவதும் காற்றை உறிஞ்சும் ஏற்பாட்டோடும் முகக்கவசத்தோடும்தான் நடக்க வேண்டும். நம் சிறு பட்டறைகளில் இதைப் பற்றிப் பேசுவதே குறைவு. பெரிலியம் இல்லாத செம்புக் கலவைகள் 200ஐ ஒட்டிய கடத்துதிறனோடு கிடைக்கும்போது, தேய்மானம் குறைவான இடங்களில் அவற்றையே தேர்ந்தெடுப்பது நல்லது.

பொருளின் வடிவத்தோடு வளையும் வழிகள்

டிரில் நேராகத்தான் போகும், பொருளோ வளைந்திருக்கும். இந்தப் பழைய இடைவெளியை முப்பரிமாண அச்சு அடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எமானுவல் சாக்ஸ் குழுவினர் 1990களில் உலோகத் தூளிலிருந்து மோல்டை அடுக்கடுக்காக எழுப்பி, பொருளின் மேற்பரப்பைப் பின்தொடரும் தண்ணீர் வழிகளைச் செய்து காட்டினார்கள். இன்று லேசரால் உலோகத் தூளை உருக்கி, மாரேஜிங் எஃகில் இத்தகைய இன்செர்ட்டுகள் தயாராகின்றன. கடினப்படுத்திய பின் இவற்றின் கடினத்தன்மை ராக்வெல் அளவுகோலில் 50ஐத் தாண்டும். ஆறும் நேரம் 20 முதல் 40 விழுக்காடு குறைந்ததாகப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒப்பீடு எதனோடு என்பதே கேள்வி. சரியாக வடிவமைக்காத பழைய துளைகளோடு ஒப்பிட்டால் எந்தப் புதுமையும் வெற்றி பெறும். டப்பாவின் கோருக்கு நல்ல பேஃபிள்களே போதும் என்றால், அச்சிடும் செலவு திரும்பி வராது. மெல்லிய சுவரும் ஆழமான குழிகளும் உள்ள, லட்சக்கணக்கில் ஓடும் மூடிகளுக்கும் மருத்துவப் பொருள்களுக்கும் கார் உதிரிபாகங்களுக்கும் அது விரைவில் திரும்பி வரும். வளைந்த குறுகலான வழிகளுக்குள் உப்புப் படிந்தால் டிரில் விட்டு எடுக்கவும் முடியாது. அச்சிட்ட வழிகள் வேண்டுமென்றால் சுத்திகரித்த தண்ணீரும் மூடிய சுற்றும் அதோடு வந்தாக வேண்டும். அடிப்பகுதியைச் சாதாரண எஃகில் கடைந்து, மேல்பகுதியை மட்டும் அதன்மேல் அச்சிடுவது செலவைக் கணிசமாகக் குறைக்கும் நடுவழி.

கணினியில் பார்ப்பதும் கையால் அளப்பதும்

காலின் ஆஸ்டின் 1978இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கிய மோல்டுஃப்ளோ, தைவானில் பிறந்த மோல்டெக்ஸ் 3டி போன்ற மென்பொருள்கள் எஃகை வெட்டும் முன்பே சூடான புள்ளியைக் காட்டுகின்றன. அவை சொல்வதை நம்பலாம். நாம் அவற்றிடம் சொன்னதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் என்று நாம் எழுதினால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். பட்டறையில் 2 லிட்டர் ஓடினால் அதற்குத் தெரியாது.

ஆகவே அளவீடு தவிர்க்க முடியாதது. தெர்மல் கேமராவால் மோல்டின் பாலிஷ் போட்ட முகத்தைப் படமெடுத்தால், பளபளப்பு பிரதிபலித்துத் தவறான எண் வரும். தள்ளிய உடனே பொருளைப் படமெடுத்தால் உண்மை தெரியும். ஒவ்வொரு லூப்பிலும் ஓட்டமானி வேண்டும், இரு முனையிலும் வெப்பமானி வேண்டும். மோல்டு முதல்முறை ஓடும் நாளன்று ஒவ்வொரு லூப்பின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் வெப்பநிலை வேறுபாட்டையும் எழுதி வைத்தால், அது அந்த மோல்டின் பிறப்புச் சான்றிதழ். பிற்பாடு எது தேய்ந்தது, எது அடைபட்டது என்று அந்தத் தாள் சொல்லும்.

உப்பு என்னும் மௌன எதிரி

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பு மோல்டுத் துளைக்குள்ளும் படிகிறது. கால்சியம் கார்பனேட்டின் கடத்துதிறன் எஃகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1 மி.மீ. உப்பு, துளையை 10 மி.மீ.க்கும் மேல் தள்ளிப் போட்டதற்குச் சமம். படிவு துளையின் குறுக்களவையும் சுருக்கி ஓட்டத்தைக் குறைக்கிறது. தமிழ்நாட்டின் பல தொழிற்பேட்டைகளில் போர்வெல் தண்ணீரே கதி. குடிநீர்த் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்க அனுமதித்த தண்ணீர் மோல்டுக்கு நல்லது என்று பொருளில்லை. மென்னீராக்கி, மூடிய சுற்று, வடிகட்டி, துருத் தடுப்பான், குறிப்பிட்ட இடைவெளியில் அமிலக் கழுவல் ஆகியவற்றின் செலவு, ஒரு புதிய சில்லரின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

வேகம் மட்டும் போதாத இடங்கள்

எல்லா மோல்டும் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. அசிட்டல் பிளாஸ்டிக்கில் பற்சக்கரம் செய்யும்போது மோல்டை 80, 90 டிகிரியில் வைப்பது அதன் படிகங்கள் முழுமையாக வளர்வதற்காக. குளிர்ந்த மோல்டில் அவசரமாக எடுத்த பற்சக்கரம் பெட்டிக்குள் கிடக்கும்போதே மெல்லச் சுருங்கி அளவு மாறும். பாலிகார்பனேட்டைக் குளிர்ந்த மோல்டில் ஊற்றினால் உள்ளே தங்கும் தகைவு பின்னாளில் வெடிப்பாக வெளிப்படும். பளபளப்பு வேண்டிய பொருள்களுக்கு, பாயும்போது மோல்டை நீராவியால் சூடாக்கிப் பிறகு தண்ணீரால் குளிர்விக்கும் முறையும் இருக்கிறது. சூட்டை எந்த வேகத்தில் எடுக்க வேண்டும் என்பதைப் பிளாஸ்டிக்கின் இயல்பு சொல்லட்டும். எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் எடுப்பது மோல்டின் பொறுப்பு.

எந்த வரிசையில் தொடங்குவது?

ஒரு மோல்டின் சைக்கிள் நீளமாக இருக்கிறதா? முதலில் பொருளின் தடித்த இடத்தைப் பாருங்கள். அடுத்து ஒவ்வொரு லூப்பின் ஓட்டத்தையும் வெப்பநிலை வேறுபாட்டையும் அளந்து, உப்பும் திரும்பிய பேஃபிளும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு சூடான புள்ளியைக் கண்டுபிடித்துச் செம்பு இன்செர்ட்டோ பப்ளரோ கொடுங்கள். அதன் பிறகும் தேவை மிஞ்சினால் அச்சிட்ட வழிகளைப் பற்றி யோசியுங்கள். சில்லரின் வெப்பநிலையை இறக்குவது கடைசி. நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. பொத்தானை அழுத்துவது எளிது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

வடிவமைப்பு மேசையிலும் வரிசை மாற வேண்டும். இன்று பொருளைத் தள்ளும் எஜெக்டர் பின்னும் ஸ்லைடும் போல்ட்டும் இடம் பிடித்த பிறகு, மிஞ்சிய எஃகில் தண்ணீர்த் துளைகள் வரையப்படுகின்றன. பின்னை இரண்டு மி.மீ. நகர்த்தலாம், சூடான மூலையை நகர்த்த முடியாது. 1968இல் சென்னையில் தொடங்கப்பட்ட பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் முதல் நம் ஊர்ப் பாலிடெக்னிக்குகள் வரை மோல்டு வடிவமைப்பு கற்றுத்தரும் எல்லா இடங்களிலும், மாணவர் வரையும் முதல் கோடு தண்ணீர் வழியாக இருக்கட்டும். டிபன் பாக்ஸின் நான்கு மூலைகளுக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, மிஞ்சிய இடத்தில் பின்களை வைக்க அவர் கற்றுக்கொள்ளட்டும். மூடி சரியாகப் பொருந்தும் டப்பா அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறது.